தட்டின் மேல்பக்கம்

என்னை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த டாக்டர் இல்லை. இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். எக்ஸ்ரே, ஸ்கேன் எந்திரங்கள் ஒழுங்காகப் படம் பிடிக்கின்றனவா, தேவைக்கு மேல் கதிரைப் பாய்ச்சுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அடையாள அட்டையில் மருத்துவ இயற்பியலாளர் என்று போட்டிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்னால் திண்டுக்கல்லில் ஆட்டோக்காரரிலிருந்து எங்கள் பங்குச் சாமியார் வரைக்கும் "அப்படின்னா?" என்பார்கள். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "மெஷினுக்குத்தாங்க டாக்டர்" என்று சொன்னதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் தன் டிவியில் கோடு கோடாக விழுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இதற்கு டாக்டரம்மாவே தேவலை என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது எவ்வளவு பெரிய பிசகு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் இருந்த ஆஸ்பத்திரிக்கு மேமோகிராம் எந்திரம் ஒன்று புதிதாக வந்திருந்தது. பெண்களின் மார்பை எக்ஸ்ரே எடுக்கிற எந்திரம். கீழே படம் பதிகிற பலகை, அதன்மேல் மார்பை வைக்க வேண்டும். மேலிருந்து கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தட்டு இறங்கி அழுத்திப் பிடிக்கும். அதற்கும் மேலே, கதிர் புறப்படுகிற தலைப்பகுதி. வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்லிக் கூட்டிவருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வலிக்கும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொன்னால் நம் பெண்கள் தாங்கிக்கொள்வார்கள்.

அந்தப் படத்தில் முக்கியமாகத் தேடுவது வெள்ளைப் புள்ளிகளை. உப்புத் தூளைவிடப் பொடியானவை, சுண்ணாம்புச் சத்து படிந்தவை. ஒன்றிரண்டு சிதறிக் கிடந்தால் பயமில்லை. ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் சில சமயம் அது புற்றுநோயின் முதல் அடையாளம். கையால் தடவினால் தெரியாது, வலி இருக்காது, படத்தில் மட்டும்தான் தெரியும். எவ்வளவு குறைந்த கதிரைக் கொடுத்து எவ்வளவு பொடியான புள்ளியைப் பார்த்துவிடலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக வாரம் ஒருமுறை ஃபேண்டம் என்கிற ஒரு கட்டியை எந்திரத்தில் வைத்துப் படம் எடுப்பேன். மார்புக்குப் பதிலாக நிற்கிற பிளாஸ்டிக் கட்டி அது. அதற்குள் செயற்கைப் புள்ளிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். எந்த மூலையில் எத்தனை என்று எனக்கு மனப்பாடம். அத்தனையும் தெரிந்தால் எந்திரம் நலம். குறைந்தால் அன்றைக்கு யார் மேலாவது எரிந்து விழுவேன்.

எரிந்து விழுவதில் எனக்குப் பெயர் உண்டு. முகத்துக்குப் பூசுகிற பவுடர் உடம்பில் பட்டிருந்தால் அதுவும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து தொலைக்கும். ஆகவே வருகிற பெண்களையெல்லாம் அக்குள் வரைக்கும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளச் சொல்லி வாசலில் நின்று மிரட்டுவேன். "பவுடர் பூசி வராதீர்கள்" என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியும் வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பவுடர் போலீஸ் என்று சொன்னார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எந்திரத்தை இயக்கிய டெக்னீஷியன் ரெட்டியார்சத்திரத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிற பெண். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. வேலையில் சுத்தம். ஒவ்வொருவர் போன பிறகும் பலகையையும் தட்டின் அடிப்பக்கத்தையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். ஒன்றை மட்டும் நான் அவளிடம் விடவில்லை. ஃபேண்டத்தை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஆராய்ச்சி என்னுடையது, கணக்கு கெட்டுவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஆயுத பூஜை முடிந்த கையோடு அறிக்கை எழுத மதுரைக்குப் போன நான் இரண்டு வாரம் அங்கேயே இருந்துவிட்டேன். இரண்டு வாரமும் ஃபேண்டம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி என் கைப்பையில்.

திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை காலையில், முதல் ஆள் வருவதற்கு முன்பே கட்டியை வைத்துப் படம் எடுத்தேன். மானிட்டரில் படம் வந்தது. எண்ணினேன். இருக்க வேண்டியது எல்லாம் இருந்தது. கூடவே இருக்கக் கூடாததும் இருந்தது. வலது ஓரத்தில், எதுவுமே இல்லாத வெறும் இடத்தில், ஏழெட்டுப் புள்ளிகள்.

குறைந்து பார்த்திருக்கிறேன். கூடி ஒருநாளும் பார்த்ததில்லை. பழைய எந்திரங்களிலும் சேர்த்து நான் எண்ணிய அத்தனை வருஷத்திலும் அந்தக் கட்டிக்குள் புதிதாக எதுவும் முளைத்தது கிடையாது. மறுபடி எடுத்தேன். அதே ஏழெட்டு. தலையும் தட்டும் பொருத்தியிருக்கிற எந்திரத்தின் கையை ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்திவிட்டு மூன்றாவது முறை எடுத்தேன். இப்போது புள்ளிகள் வேறு இடத்துக்கு நகர்ந்து, எண்ணிக்கையில் இரண்டு கூடியிருந்தன.

அழுத்துகிற தட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. திருப்பினேன். யார் மேலும் படாத, அதனாலேயே யாரும் துடைக்காத மேல்பக்கத்தில், விளிம்பை ஒட்டிச் சிவப்பாகத் தூள். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். குங்குமம். தலை நிமிர்ந்து பார்த்தேன். எந்திரத்தின் தலைப்பகுதியில், தட்டுக்கு நேர் மேலே, காய்ந்து வெடித்த சந்தனமும் அதன் நடுவில் உதிர்ந்தது போக மிச்சமிருந்த பெரிய பொட்டும். கை சாய்ந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொட்டியிருக்கிறது.

"யார் வச்சா இத?" என்று கத்தினேன். வரவேற்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "படிச்சுப் படிச்சுச் சொல்றேன், பவுடர்கூட ஆகாதுன்னு. நெத்திப்பொட்டு மாதிரி நடு மண்டையில கொண்டுபோய் வச்சிருக்கீங்களே, அறிவு வேணாம்? யாரு அந்தப் புத்திசாலி?"

டெக்னீஷியன் பேசாமல் நின்றாள். அவள் அப்படி நிற்கிறவள் இல்லை. ஒன்று கேட்டால் நான்கு சொல்வாள். யாரையோ காப்பாற்றுகிறாள் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"சொல்லப் போறியா இல்லையா?"

"நீங்கதான் மேடம்" என்றாள்.

போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். ஆயுத பூஜையன்று எடுத்தது. பட்டுப்புடவையில் நான், எந்திரத்தின் தலையில் வலது கை, முகமெல்லாம் பல். சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. எங்களுடையது வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு நான் ஒதுங்கித்தான் நின்றேன். "உங்க மெஷினுக்கு நீங்க வைக்காம யாரு வைப்பா?" என்று சந்தனமும் குங்குமமும் இருந்த தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார்கள். என்னை வேறாக நினைக்கவில்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம். சந்தனத்தை ஈரமாகக் குழைத்து அப்பி, காய்வதற்குள் அதன் நடுவில் துளிக் குங்குமம் ஒட்ட வேண்டும் என்பது அவர்களுக்கெல்லாம் பழகிய கை. எனக்கு ஏது பழக்கம்? மூன்று விரலால் குங்குமத்தை அள்ளி அப்பினேன். டெக்னீஷியன் அப்போதே சொன்னாள், "கீழ ஸ்டாண்டுல வைங்க மேடம், அது போதும்." நான்தான் கேட்கவில்லை. "புது மெஷினு, நெத்தியில வச்சாத்தான் அழகு" என்றேன். கைதட்டியது அதற்குத்தான்.

"மறுநாளே தொடைச்சிருக்க வேண்டியதுதானே?" என்றேன். குரலில் பழைய சுருதி இல்லை.

"மத்ததெல்லாம் தொடைச்சிட்டேன் மேடம். அது நீங்க வச்சது. தொடைக்க மனசு வரல."

இரண்டு வாரத்தில் அந்த எந்திரத்தில் படம் எடுத்த பெண்களின் பட்டியலைப் பார்த்தோம். நான்கு பேருக்கு, "சந்தேகத்துக்குரிய புள்ளிகள், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்" என்று கடிதம் போயிருந்தது. நான்கு பேர். கடிதத்தைப் பிரித்த கையோடு அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் ஒரு கைக் குங்குமத்துக்காக நான்கு பேர் சாவை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் நிதானமான மனிதர். நான் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊசி வைக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சீங்களே, அதுவரைக்கும் சரி" என்றார். "நாலு பேரையும் வரச் சொல்லுங்க. மறுபடி ஒரு படம் எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேணாம். படத்தைப் பார்த்துட்டு நான் சொல்லிக்கிறேன்."

போன் செய்வது வரவேற்பில் இருப்பவர்களின் வேலை. நான்தான் வீம்பாக வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது, நானே பேசுகிறேன் என்று. முதல் மூன்று பேரிடமும் சொல்லிக் கொடுத்தபடியே பேசினேன். அதில் ஒருவர் தலைமை ஆசிரியை. "ஏற்கெனவே எடுத்தது என்ன ஆச்சு?" என்று குறுக்கு விசாரணை செய்தார். நான் பிடி கொடுக்கவில்லை.

நான்காவது ஆள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக் காடு வைத்திருப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மகளிர் குழுவோடு வேன் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த பரிசோதனை முகாமுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டவர். போனை எடுத்தவுடன் பூச்சந்தையின் இரைச்சல் கேட்டது. நான் யார் என்று சொன்னதும் இரைச்சல் குறைந்தது. எங்கேயோ ஓரமாக ஒதுங்கியிருக்கிறார்.

"டாக்டரம்மா, கடுதாசி வந்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல" என்றார். "வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. பகல்ல பூவெடுக்கேன், ராவுல முழிச்சுக் கெடக்கேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மறைக்காமச் சொல்லிருங்க. எனக்கு இருக்கா, இல்லையா?"

"மறுபடி ஒரு படம் எடுக்கணும்க்கா" என்றேன்.

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டார். சந்தையில் நாலு பேர் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. அழ வைத்தவள் நான்தானே.

"அக்கா, அழாதீங்க. ஒண்ணுமில்ல. மெஷின்ல தூசி விழுந்திருக்கு, அதுதான் படத்துல தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லக்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீங்க நல்லாருக்கணும் தாயி. உங்க பிள்ளகுட்டிக நல்லாருக்கணும்."

இருந்தாலும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. போனை வைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. பயமுறுத்தியவளும் நான், பயத்தைத் தீர்த்தவளும் நான். அன்றைக்கு மதியம் பசித்துச் சாப்பிட்டேன்.

தட்டின் மேல்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, தலைப்பகுதியைச் சுரண்டித் துடைத்து, ஃபேண்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேருக்கும் சுத்தமான படம். ஒருத்தி வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விட்டாள். ஒருவர் கும்பிட்டார். தலைமை ஆசிரியை மட்டும் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டு வாங்கிக்கொண்டு, வகுப்பில் பிள்ளையை நிறுத்துகிறது போல என்னை நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் திட்டினார். எல்லாம் நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டேன்.

நிலக்கோட்டை அக்கா வரவில்லை. போன் செய்தேன். "ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்கள்ல, அப்புறம் என்னத்துக்கு?" என்று சிரித்தார். "ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பூவுக்கு அம்புட்டுக் கிராக்கி. முடிச்சிட்டு வாரேன்." இன்னொரு தடவையும் கேட்டேன், அதே பதில். கட்டாயம் வரச் சொன்னால் அன்றைக்குச் சொன்னது என்னவாயிற்று என்று கேட்பாரே. அதனால் அழுத்திச் சொல்லவில்லை. அப்படி ஒரு வாரம் போனது.

வியாழக்கிழமை டாக்டர் கேட்டார். "நாலாவது ஆள் என்ன ஆச்சு?"

"முகூர்த்த நாளெல்லாம் கழிச்சு வராங்களாம் சார்."

அவர் அந்த அக்காவின் பழைய படத்தை மானிட்டரில் திறந்தார். சும்மாதான் திறந்தார் என்று நினைக்கிறேன். முதலில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"மேடம், இங்க வாங்க. இது எல்லாம் மங்கலா, கொஞ்சம் பெருசா இருக்கு. சரியா? இந்தக் கீழ் மூலையில இருக்கறதைப் பாருங்க."

பார்த்தேன். கீழ் மூலையில் ஐந்து புள்ளிகள். ஊசியால் குத்தியது போலக் கூர்மையாக.

சுவருக்குப் பக்கத்தில் கையை வைத்தால் நிழல் தெளிவாக விழும். கையைச் சுவரிலிருந்து விலக்கி விளக்கை நோக்கிக் கொண்டுபோனால் நிழல் பெரிதாகி மங்கும். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற விஷயம். தட்டின் மேல்பக்கத்துத் தூசி பலகையிலிருந்து தள்ளி இருப்பதால் மங்கலாகத்தான் விழும். கூர்மையாக விழுந்தால் அது தூசி இல்லை, பலகையை ஒட்டி இருக்கிறது. மார்புக்குள் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாக எடுத்திருக்கிறேன். தேர்வில் கேட்டிருக்கிறேன். எழுதாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அந்தப் படம் என் கம்ப்யூட்டரிலும்தான் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைத் திறக்கவில்லை. தூசி என்று தெரிந்த பிறகு எதற்குத் திறப்பது? தூசியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை, அதையே கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

மறுபடி எண்ணினேன், ஐந்துதான்.

"நீங்க திரும்பப் பார்க்கலையா?" என்றார் டாக்டர்.

"பார்க்கல சார்."

"நானும் பார்க்கல. குங்குமம்னதும் நானும் நிம்மதியாயிட்டேன்." திரையை விட்டு நிமிர்ந்தார். "ஊசி வச்சுப் பார்த்தாத்தான் எதுவும் உறுதியாத் தெரியும். முதல்ல ஆள் வரணும். உடனே வரச் சொல்லுங்க."

"சார், நான் அந்த அம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நிதானமான மனிதர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். என் மேல் வெறுப்பு. ஒரு நொடிதான், போய்விட்டது.

"அப்ப போன் வேணாம். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். சின்னாளபட்டி தாண்டியதிலிருந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சும்மா ஒரு செக்கப் என்று சொல்லலாம். அரசாங்க விதி என்று சொல்லலாம். நிலக்கோட்டையில் இறங்கும்போது நான்கு பொய் தயாராக இருந்தது.

பூச்சந்தை உச்சத்தில் இருந்தது. ஏலம் கேட்கிற சத்தம், வேன்களில் ஏற்றுகிற சாக்குகள், காலெல்லாம் ஈரம். கமிஷன் கடை கடையாக விசாரித்துக்கொண்டு போனேன்; ஆஸ்பத்திரி டாக்டரம்மா தேடி வந்திருக்கிறார் என்ற செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. எதிரே தலையில் துண்டு போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். குரலைக் கேட்ட பிறகுதான் யார் என்று புரிந்தது. மொட்டை. பழனிக்குப் போய் முடி இறக்கியிருந்தார்.

"அடடே, டாக்டரம்மா! ஏலே, இங்க வாங்க எல்லாரும். இவுகதான் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னவுக." துண்டை விலக்கித் தலையைக் காட்டினார். "நல்லதாச் சொன்னா முடி தாரேன்னு வேண்டியிருந்தேன். நீங்க சொன்ன மறுநாளே போய்க் குடுத்துட்டு வந்துட்டேன்ல." சாக்கிலிருந்து இரண்டு கையாலும் மல்லிகையை அள்ளி என் கையில் கொட்டினார். "வச்சுக்கிருங்க, வச்சுக்கிருங்க."

குளிர்ச்சிக்கென்று இன்னும் சந்தனம் பூசியிருந்த அந்தத் தலையைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்த நான்கு பொய்யும் போன இடம் தெரியவில்லை. பூவை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் ஏந்திக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு."

"என்ன தப்பு?"

"உங்க படத்தை நான் ஒழுங்காப் பாக்காமச் சொல்லிட்டேன். தூசி இருந்தது நெசம். ஆனா தூசி இல்லாத ஒண்ணும் இருக்க மாதிரித் தெரியுது. நீங்க இப்பவே என்கூட வரணும்."

அவர் சிரிப்பு உடனே மறையவில்லை. புரியாமல் அப்படியே நின்றது. "டாக்டரு நீங்களே சொல்லிட்டு..."

"நான் டாக்டர் இல்லக்கா. மெஷினைப் பாக்குறவ."

சுற்றிலும் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். யாரோ ஒருத்தி "அடப்பாவி" என்றாள். என்னைத்தான் சொன்னாள். அந்த அக்கா துண்டைத் திரும்பவும் தலையில் போட்டு இழுத்து முடிந்துகொண்டார்.

"அப்ப இருக்கா?"

"தெரியலக்கா. சத்தியமாத் தெரியல."

திட்டவில்லை, அழவில்லை. சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டி, "எடை போட்டுச் சீட்டு வாங்கி வையி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"டாக்டரு இல்லேன்னா அன்னைக்கு ஏன் சொன்னீங்க?"

"நீங்க அழுதீங்கக்கா."

"அழுதா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அழுகுற பிள்ளைக்கு மிட்டாயி குடுக்க மாதிரிக் குடுத்துட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அவரை உட்காரவைத்துவிட்டு, தட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் நானே துடைத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஃபேண்டத்தை வைத்துப் படம் எடுத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒன்றுகூட அதிகமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கேயாவது ஒரு புள்ளி கூடியிருக்காதா என்று தேடினேன். எந்திரம் அன்றைக்கு நலமாக இருந்தது.

டெக்னீஷியன் அவரை உள்ளே கூட்டிப்போய் நிறுத்தினாள். "வலிக்கும்க்கா, பத்து எண்ணுங்க" என்றாள். அவர் வாய்விட்டு எண்ணுவது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. எட்டு சொல்லும்போது படம் மானிட்டரில் வந்துவிட்டது. மங்கலான புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. கீழ் மூலையில் ஐந்தும் இருந்தன. சுற்றி இருந்த குப்பை விலகியதால் அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பொடிப்புள்ளிகள் தெரிந்தன. எட்டு. டெக்னீஷியன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, பார்த்துவிட்டு, அந்த அக்காவுக்கு ரவிக்கை மாட்ட உதவப் போனாள்.

டாக்டர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி புதியதைப் பார்த்தார். அந்த அக்கா திரையைப் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்காலியைத் திருப்பி, "அம்மா, இப்ப எடுத்த படத்துல..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க செத்த இருங்க சார்" என்றார் அந்த அக்கா. மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அன்னைக்கு இல்லன்னு சொன்னது இவுக வாயி. இன்னைக்கும் இவுகளே சொல்லட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"இருக்குக்கா" என்றேன். "தூசி இல்ல. உள்ளதான் இருக்கு. ஊசி வச்சுப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதை நம்பினார்.